ஒரு கோல்கீப்பரின் விளையாட்டு வாழ்க்கையை வாசிப்பது எப்படி? செர்கெய் பாப்ரோவ்ஸ்கியை முன்வைத்து

ஐஸ் ஹாக்கியில் ஓர் அணியின் சார்பாக ஒரே நேரத்தில் ஆறு பேர் களத்தில் இருப்பார்கள். அவர்களில் ஐவர் ஏறத்தாழ முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை பெஞ்சுக்குத் திரும்பி, மூச்சு வாங்கிக்கொண்டு, மீண்டும் இறங்குவார்கள். ஆறாமவரான கோல்கீப்பர் மட்டும், இருபது இருபது நிமிடங்களாக மூன்று பகுதிகள் நடக்கும் ஆட்டம் முழுவதும், ஆறடி அகலமும் நான்கடி உயரமும் கொண்ட வலையின் முன்னால் நின்றுகொண்டே இருப்பார். அவரை நோக்கி வருவது மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிமனும் உள்ள, கெட்டியான ரப்பர் வில்லை. பக் என்பது அதன் பெயர். துள்ளாமல் வழுக்கிக்கொண்டு செல்ல வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதை உறையவைத்தே எடுத்து வருவார்கள். ஓங்கி அடிக்கப்படும் பக் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தைச் சாதாரணமாகத் தாண்டும்.

முன்னணியில் ஆடும் வீரர் ஒருவரின் வாழ்க்கையைப் புரிந்துகொள்வது எளிது: எத்தனை கோல் அடித்தார், எத்தனை கோலுக்கு வழிவகுத்தார் என்று எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் படம் தெளிவாகிவிடும். கோல்கீப்பரின் வாழ்க்கை அப்படி எண்ணிக்கைக்குள் அடங்குவதில்லை. ஒரே மனிதர் ஓராண்டில் உலகின் தலைசிறந்தவராகத் தெரிவார், அடுத்த ஆண்டில் அணிக்கே பாரமாகத் தெரிவார், அதன் பிறகு மறுபடியும் எழுந்து நிற்பார். இதற்கான காரணங்களை விளக்க செர்கெய் பாப்ரோவ்ஸ்கியைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இன்றைய ஆட்டத்தில் இல்லை என்பது என் கருத்து. 1988 செப்டம்பர் 20 அன்று ரஷ்யாவின் நோவோகுஸ்நெட்ஸ்கில் பிறந்த இவரை வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக், அதாவது என்எச்எல், இரண்டு முறை ஆண்டின் சிறந்த கோல்கீப்பராகத் தேர்ந்தெடுத்திருக்கிறது. இவர் கதை முடிந்துவிட்டது என்று ரசிகர்களும் விமர்சகர்களும் அதைவிட அதிகமான முறை தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். அத்தனைக்கும் பிறகு, 35 வயதில் ஒருமுறையும் 36 வயதில் ஒருமுறையும் என்எச்எல்லின் சாம்பியன் அணிக்குத் தரப்படும் ஸ்டான்லி கோப்பையை வென்றார்.

முதலில், அவரை எந்த அளவுகோலால் அளக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோல்கீப்பர்களுக்கான முதன்மையான கணக்கு தடுப்பு விகிதம். வலையை நோக்கி வந்த அடிகளில் எத்தனை பங்கைத் தடுத்தார் என்பதே அது. ஆயிரம் அடிகளுக்கு 930 தடுத்தவரின் விகிதம் 0.930, 900 தடுத்தவரின் விகிதம் 0.900. முதல் பார்வைக்கு இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருப்பதாகவே தோன்றாது. ஆனால் ஓர் ஆட்டத்துக்கு முப்பது அடிகள் வீதம் அறுபது ஆட்டங்கள் ஆடும் ஒருவர் ஒரு பருவத்தில் 1,800 அடிகளைச் சந்திக்கிறார். அவற்றில் முதலாமவர் விட்டுக்கொடுப்பது 126 கோல்கள், இரண்டாமவர் விட்டுக்கொடுப்பது 180. இடைவெளி 54 கோல்கள். ஒரு கோல் வித்தியாசத்தில் முடிவாகும் ஆட்டங்கள் நிறைந்த லீக்கில், கோப்பையை எதிர்பார்க்கும் அணிக்கும் ஏப்ரலிலேயே விடுமுறைக்குப் போய்விடும் அணிக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ இவ்வளவுதான். ஆகவே மூன்றாம் தசம இடத்தில் நடக்கும் மாற்றங்களைப் பற்றி இந்த ஆட்டத்தின் ரசிகர்கள் மணிக்கணக்கில் வாதிடுவதில் வியப்பில்லை.

இன்னொரு கணக்கு, அறுபது நிமிடத்துக்குச் சராசரியாக எத்தனை கோல் விட்டார் என்பது. இதில் முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களின் திறமையும் கலந்துவிடுவதால், தனியொருவரை எடைபோட இது அவ்வளவாக உதவாது. தடுப்பு விகிதத்திலும் அந்தக் குறை ஓரளவு உண்டு. தொலைவிலிருந்து வரும் எளிய அடியும், வலைக்கு இரண்டடி முன்னாலிருந்து திசைமாற்றிவிடப்படும் பக்கும் அந்தக் கணக்கில் ஒரே மாதிரி எண்ணப்படும்.

அடுத்தது, உடல் செய்யும் வேலை. இன்றைய கோல்கீப்பர்கள் ஏறத்தாழ அனைவரும் பட்டாம்பூச்சி முறையில் ஆடுபவர்கள். அடி வரும்போது இரண்டு முழங்கால்களையும் உள்பக்கமாக மடித்துப் பனியில் விழுந்து, பாதங்களை இருபுறமும் விரித்து, காலில் கட்டிய பெரிய பட்டைகளால் வலையின் கீழ்ப்பகுதி முழுவதையும் அடைத்துவிடுவது இம்முறை. பெரும்பாலான கோல்கள் தாழ்வாக வருபவை என்ற கணக்கின்மீது இது நிற்கிறது. ஒரு தலைமுறை முழுவதும் இதைப் பின்பற்றும்படி செய்தவர் மான்ட்ரியாலின் பட்ரிக் ரோவா. மேல்பகுதிக்கு இடக்கையில் பிடிக்கும் கையுறையும், வலக்கையில் மட்டையோடு சேர்ந்த தட்டையான தடுப்புக் கவசமும் இருக்கும். விழுவது பெரிய வித்தையல்ல. விழுந்த நிலையிலேயே ஒரு காலை ஊன்றி உந்தி, வலையின் மறுமுனைக்கு நொடிப்பொழுதில் வழுக்கிச் செல்வதுதான் வித்தை. இடுப்பையும் தொடையையும் கொல்லும் அந்த அசைவை ஓர் இரவில் பல டஜன் முறை செய்ய வேண்டியிருக்கும். பாப்ரோவ்ஸ்கியின் தனிச்சிறப்பே அந்த உந்துவிசைதான். கால்கள் ஏறத்தாழ ஒரே கோட்டில் விரிந்துகிடக்கும் நிலையிலிருந்தும் பக்கவாட்டில் பாயக்கூடியவர். இத்தகைய ஆட்டம் உடலின் நிலையைப் பொறுத்தே இருப்பதால், சிறு காயமும் சிறு தயக்கமும் உடனே எண்களில் தெரிந்துவிடும்.

நோவோகுஸ்நெட்ஸ்க் தென்மேற்கு சைபீரியாவில், குஸ்பாஸ் நிலக்கரி வயலின் நடுவே உள்ள எஃகு நகரம். அங்குள்ள மெடலுர்க் அணியில்தான் அவர் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கினார். மாஸ்கோ, கசான் அணிகளைப் போலப் பணமோ புகழோ உள்ள அணி அல்ல அது. தோல்விகளே அதிகம். பலவீனமான அணியின் கோல்கீப்பருக்கு ஒரு வசதியும் ஒரு சாபமும் உண்டு: அடிகள் குவிவதால் பயிற்சி தானாகக் கிடைக்கும், வெற்றிப் பட்டியலில் மட்டும் பெயர் வராது.

இங்கே டிராஃப்ட் என்ற ஏற்பாட்டைச் சொல்லியாக வேண்டும். என்எச்எல் அணிகள் ஒவ்வோர் ஆண்டும் முறைவைத்து, பதினெட்டு வயதை எட்டிய இளம் வீரர்களைத் தேர்ந்தெடுத்து உரிமை பெறுகின்றன. பாப்ரோவ்ஸ்கியை எந்த ஆண்டிலும் எந்த அணியும் எடுக்கவில்லை. இதைத் தேடுவோரின் பிழை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கோல்கீப்பர்கள் மற்ற வீரர்களைவிடத் தாமதமாகவே முதிர்ச்சி அடைகிறார்கள். பதினெட்டு வயதில் ஒருவரின் எதிர்காலத்தைச் சொல்வது முன்னணி வீரருக்கே கடினம், கோல்கீப்பருக்கு ஏறத்தாழ ஜோசியம். 2010 மே மாதத்தில், 21 வயதில், டிராஃப்டில் தேர்வாகாத வீரராகவே பிலடெல்பியா ஃப்ளையர்ஸ் அணியுடன் அவர் ஒப்பந்தம் செய்துகொண்டார்.

அந்த இலையுதிர்காலத்தில் ஃப்ளையர்ஸின் முதன்மைத் தேர்வாக இருந்திருக்க வேண்டிய கோல்கீப்பர் காயமடைந்திருந்தார். எனவே 2010 அக்டோபர் 7 அன்று, பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் தங்கள் புதிய அரங்கில் ஆடிய முதல் லீக் ஆட்டத்தில், ஆங்கிலமே சரியாகப் பேச வராத இந்த ரஷ்யர் ஃப்ளையர்ஸ் வலையின் முன் நின்றார். 31 அடிகளில் 29-ஐத் தடுத்தார், அணி 3-2 என்று வென்றது. அந்தப் பருவத்தில் 54 ஆட்டங்களில் 28 வெற்றிகள், தடுப்பு விகிதம் 0.915. புதிய வீரருக்கு இது மிக நல்ல தொடக்கம். ஆனால் பிளேஆஃபில், அதாவது லீக் ஆட்டங்களுக்குப் பின் நடக்கும் கோப்பைச் சுற்றுகளில், ஃப்ளையர்ஸ் மூன்று கோல்கீப்பர்களை மாற்றி மாற்றி இறக்கித் தடுமாறியது.

அதன் விளைவு, இந்தத் தொழிலின் நிலையற்ற தன்மைக்கு நல்ல சான்று. 2011 கோடையில் ஃப்ளையர்ஸ் நிர்வாகம் அனுபவமுள்ள மற்றொரு ரஷ்யரான இல்யா பிரிஸ்கலோவை ஒன்பது ஆண்டுகளுக்கு 5.1 கோடி டாலர் கொடுத்து அழைத்துவந்தது. முன்னணியில் நான்கு வரிசைகள் இருப்பதால் ஓர் இளம் வீரரை மூன்றாவது வரிசையில் வைத்து வளர்க்க முடியும். கோல்கீப்பருக்கோ ஒரே ஓர் இடம்தான். பாப்ரோவ்ஸ்கி பெஞ்சுக்குப் போனார். 29 ஆட்டங்கள், 0.899. 2012 ஜூன் 22 அன்று, சில டிராஃப்ட் தேர்வு உரிமைகளுக்கு ஈடாக, அன்று லீக்கின் அடித்தட்டில் இருந்த கொலம்பஸ் புளூ ஜாக்கெட்ஸுக்கு அவரை அனுப்பிவிட்டார்கள்.

2012-13 பருவம் உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையிலான ஊதியத் தகராறால் ஜனவரியில்தான் தொடங்கியது. அதுவரை அவர் ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் எஸ்கேஏ அணிக்காக ஆடினார். ஆட்டத்திலிருந்து விலகாமல் இருந்தது அவருக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்பதைப் பின்னால் வந்த எண்களே சொல்கின்றன: 38 ஆட்டங்களில் 0.932. கொலம்பஸ் மினசோட்டாவுடன் சமப் புள்ளிகளில் முடித்தும், சமன்முறிப்பு விதியால் பிளேஆஃபைத் தவறவிட்டது. அப்படியிருந்தும் ஆண்டின் சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா விருது அவருக்கே கிடைத்தது. இந்த விருதுக்கு வாக்களிப்பவர்கள் அணிகளின் பொது மேலாளர்கள், அதாவது கோல்கீப்பர்களை வாங்கி விற்பவர்களே. அதே ஜூன் மாதத்தில்தான், பிரிஸ்கலோவின் ஒன்பதாண்டு ஒப்பந்தத்தை இரண்டாம் ஆண்டிலேயே பணம் கொடுத்து முறித்துக்கொள்ள ஃப்ளையர்ஸ் முடிவுசெய்தது.

வெசினா விருதைப் பெற்ற முதல் ரஷ்ய கோல்கீப்பர் இவர். இதன் கனத்தை உணர சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். சோவியத் ஒன்றியத்தின் விளாடிஸ்லாவ் த்ரெத்யாக் மூன்று ஒலிம்பிக் தங்கங்கள் வென்றவர். மான்ட்ரியால் அணி 1983-ல் அவரை டிராஃப்டில் எடுத்தும், சோவியத் அதிகாரிகள் அவரை வெளியே விடவில்லை. அடுத்த ஆண்டே, 32 வயதில், அவர் ஓய்வுபெற்றார். என்எச்எல்லில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலேயே 1989-ல் ஹாக்கி புகழரங்கில் இடம்பெற்றார். (அவரையே 1980 ஒலிம்பிக்கில், அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில், முதல் பகுதி முடிந்ததும் பயிற்சியாளர் வெளியே எடுத்தார் என்பதையும், சோவியத் அணி 4-3 என்று தோற்றது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், பெஞ்சில் உட்காரவைக்கப்படுவது யாருக்கும் இழுக்கல்ல என்பது புரியும்.) எல்லை திறந்த பின் வந்தவர்களில் நிகோலாய் ஹபிபுலின் 2004-ல் டாம்பா பே அணியோடு ஸ்டான்லி கோப்பையை வென்றார். பாப்ரோவ்ஸ்கிக்குப் பின் வெசினா விருதை ஆந்த்ரேய் வசிலெவ்ஸ்கி 2019-லும், இகோர் ஷெஸ்டெர்கின் 2022-லும் பெற்றார்கள்.

2016-17 பருவம் கொலம்பஸில் அவருடைய உச்சம். அணி தொடர்ந்து பதினாறு ஆட்டங்களை வென்றது. அவர் கணக்கில் 41 வெற்றிகள், 0.931 விகிதம், இரண்டாவது வெசினா. ஆனால் பிளேஆஃப் தொடங்கியதும் பிட்ஸ்பர்க்கிடம் ஐந்து ஆட்டங்களில் கொலம்பஸ் வீழ்ந்தது, அவருடைய விகிதம் 0.882. அடுத்த ஆண்டு வாஷிங்டனுக்கு எதிராக முதல் இரண்டு ஆட்டங்களை வென்ற பிறகும் தொடர் கைநழுவியது. லீக் ஆட்டங்களில் மலை, கோப்பைச் சுற்றில் மடு என்ற பேச்சு அப்போதுதான் ஒட்டிக்கொண்டது.

இந்த இடத்தில் தொடக்கநிலை வாசகர் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒரு லீக் பருவம் என்பது 82 ஆட்டங்கள், ஒரு பிளேஆஃப் தொடர் என்பது நான்கிலிருந்து ஏழு ஆட்டங்கள். ஐந்து ஆட்டங்களில் 150 முதல் 180 அடிகள்தான் வரும். அவற்றில் சகவீரரின் காலில் பட்டுத் திரும்பிய ஐந்து பக்குகள் வலைக்குள் போனாலே விகிதம் தரைதட்டிவிடும். அவ்வளவு சிறிய அளவை வைத்து ஒருவருக்கு நெஞ்சுரம் இல்லை என்று முடிவுகட்டுவது நியாயமாகாது. 2019-ல் கொலம்பஸ் சந்தித்த டாம்பா பே, லீக் ஆட்டங்களில் 62 வெற்றிகளோடு அதுவரையிருந்த சாதனையைச் சமன்செய்திருந்த அணி. முதல் ஆட்டத்தில் மூன்று கோல் பின்தங்கியிருந்தும் 4-3 என்று வென்ற கொலம்பஸ், தொடரை 4-0 என்று முடித்தது. வலையில் நின்றவர் இதே பாப்ரோவ்ஸ்கி.

அந்த ஜூலை முதல் நாளில் ஃப்ளோரிடா பேந்தர்ஸுடன் ஏழு ஆண்டுகளுக்கு ஏழு கோடி டாலர் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டார். என்எச்எல்லில் ஒவ்வோர் அணியும் வீரர்களின் ஊதியத்துக்குச் செலவிடக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 2019-20-ல் அது 8.15 கோடி டாலர். கோவிட் காலத்தில் அது உயராமல் நின்றுவிட்டது. ஆண்டுக்கு ஒரு கோடி என்றால், இருபதுக்கும் மேற்பட்டோர் பங்கிட வேண்டிய தொகையில் எட்டில் ஒரு பங்கை ஒருவரே எடுத்துக்கொள்கிறார். ஆகவே அவர் விட்ட ஒவ்வொரு கோலுக்கும் ஒரு விலைச்சீட்டு தொங்கியது. முதல் ஆண்டு விகிதம் 0.900. அடுத்த ஆண்டு 0.906. 2021 பிளேஆஃபில் டாம்பாவுக்கு எதிராக ஃப்ளோரிடா மூன்று கோல்கீப்பர்களை இறக்கியது. கடைசி இரண்டு ஆட்டங்களில் நின்றவர், பாப்ரோவ்ஸ்கியை ஒப்பந்தம் செய்வதற்குச் சில நாள் முன்பு அதே அணி முதல் சுற்றில் தேர்ந்தெடுத்த ஸ்பென்சர் நைட் என்ற இருபது வயது இளைஞர். பிலடெல்பியாவில் நடந்தது தலைகீழாகத் திரும்பி வந்தது: அங்கே விலையுயர்ந்த மூத்தவருக்காக இளைஞர் ஒதுக்கப்பட்டார், இங்கே அந்த விலையுயர்ந்த மூத்தவர் இவரே.

2022-23 முடிவில் நிலைமை இன்னும் மோசம். பருவத்தின் கடைசி வாரங்களில் அணியைக் கரைசேர்த்தவர் அலெக்ஸ் லயன் என்ற மூன்றாம்நிலை கோல்கீப்பர், பிளேஆஃபின் முதல் ஆட்டத்தைத் தொடங்கியவரும் அவரே. எதிரணியான பாஸ்டன் 65 வெற்றிகளும் 135 புள்ளிகளும் பெற்று லீக் சாதனை படைத்திருந்தது. தொடரின் நடுவில் பாப்ரோவ்ஸ்கி வலைக்குத் திரும்பினார். 3-1 என்று பின்தங்கியிருந்த ஃப்ளோரிடா அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்றது, அவற்றில் இரண்டு கூடுதல் நேரத்தில். டொரான்டோவை ஐந்தே ஆட்டங்களில் கடந்தபின் கரோலினாவுக்கு எதிரான முதல் ஆட்டம் நான்காவது கூடுதல் பகுதிவரை நீண்டது. சாதாரண ஆட்டம் இரண்டையும் தாண்டிய அந்த நேரத்தில், நனைந்து கனத்த கவசங்களோடு, அவர் 63 அடிகளைத் தடுத்தார். ஃப்ளோரிடாவின் மாத்யூ கச்சுக் கோல் அடித்தபோது அந்தப் பகுதியில் மீதமிருந்தது 13 நொடி. அந்தத் தொடரின் நான்கு ஆட்டங்களையும் ஃப்ளோரிடா ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றது, நான்கிலும் சேர்த்து அவர் விட்டது ஆறு கோல்கள். இறுதிப் போட்டியில் வேகாஸிடம் தோல்வி.

2024 ஏப்ரல் 23 அன்று டாம்பாவுக்கு எதிரான இரண்டாம் ஆட்டத்தில் அவர் செய்த ஒரு தடுப்பை, இந்த ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் காணொளியில் தேடிப் பார்க்கலாம். முதல் அடியைத் தடுக்கப்போய் அவர் உடல் திரும்பிவிட்டது. பக் மறுபுறம் நின்ற எதிரணி வீரர் மேட் டம்பாவிடம் போய்ச் சேர்ந்தது, அவர் முன்னால் வலை ஏறத்தாழ காலி. பக்கைப் பார்க்கவே முடியாத நிலையில், முதுகைக் காட்டியபடி பாப்ரோவ்ஸ்கி பின்னோக்கிப் பாய்ந்து கையை வீசினார், பக் கையில் பட்டு வெளியே போனது. எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லாத அசைவு அது. ஆனால் அதிர்ஷ்டம் என்று ஒதுக்கவும் முடியாது. பக் எங்கே போயிருக்கும், வலையின் எந்தப் பகுதி திறந்திருக்கும் என்ற கணக்கு உடலுக்குள் ஊறிப்போயிருந்தால்தான் கை சரியான இடத்துக்குப் போகும். அந்த ஆட்டத்தை ஃப்ளோரிடா கூடுதல் நேரத்தில் 3-2 என்று வென்றது.

அந்த ஆண்டின் இறுதிப் போட்டி இவருடைய வாழ்க்கை முழுவதையும் இரண்டு வாரங்களில் திரும்ப நடத்திக்காட்டியது எனலாம். எட்மன்டனுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 32 அடிகளையும் தடுத்து ஒரு கோல்கூட விடவில்லை. முதல் மூன்று ஆட்டங்களும் ஃப்ளோரிடாவுக்கே. நான்காவதில் ஐந்து கோல் விட்டதும் பயிற்சியாளர் அவரை வெளியே எடுத்தார், அணி 8-1 என்று நொறுங்கியது. ஐந்தும் ஆறும் போயின. ஜூன் 24 அன்று நடந்த ஏழாவது ஆட்டத்தில் ஒரே ஒரு கோல் விட்டார், 2-1 வெற்றி. 1993-ல் தொடங்கிய அணிக்கு அதுதான் முதல் கோப்பை. அணித்தலைவர் அலெக்சாண்டர் பார்கோவ் கோப்பையைத் தூக்கியபின் முதலில் ஒப்படைத்தது பாப்ரோவ்ஸ்கியிடம். அன்று அணியின் மாற்று கோல்கீப்பராக இருந்த ஆந்தனி ஸ்டொலார்ஸ், 2012-ல் பாப்ரோவ்ஸ்கியைக் கொலம்பஸுக்கு அனுப்பியதற்கு ஈடாகப் பெற்ற தேர்வு உரிமையைக் கொண்டு பிலடெல்பியா எடுத்த வீரர் என்பது, கதை எழுதுபவர் யோசித்தால்கூட மிகையாகத் தோன்றும் தற்செயல்.

நாட்டின் சார்பாக அவர் 2014-ல் மின்ஸ்க் உலக சாம்பியன்ஷிப்பில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். சோச்சி ஒலிம்பிக்கில் ரஷ்யா காலிறுதியிலேயே வெளியேறியது. 2022 முதல் ரஷ்ய அணி சர்வதேசப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டிருப்பதால் அந்த அத்தியாயம் வளரவில்லை.

2024-25-ல் அவர் 400-வது லீக் வெற்றியைக் கடந்தார். 2025 ஜூன் 17 அன்று எட்மன்டனை ஆறாவது ஆட்டத்தில் 5-1 என்று வென்று ஃப்ளோரிடா கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. முன்பு அவர் இடத்தைப் பிடிப்பார் என்று கருதப்பட்ட ஸ்பென்சர் நைட், அதற்குச் சில மாதம் முன்பே சிகாகோவுக்கு மாற்றப்பட்டிருந்தார். அந்த லீக் பருவத்தில் பாப்ரோவ்ஸ்கியின் விகிதம் 0.905-ஐ ஒட்டியே இருந்தது. முதல் வெசினா ஆண்டின் 0.932-உடன் இதை ஒப்பிட்டு, ஆள் பாதியாகிவிட்டார் என்று சொல்லத் தோன்றும். ஆனால் 2012-13-ல் லீக் முழுவதற்குமான சராசரி ஏறத்தாழ 0.912 ஆக இருந்தது, 2024-25-ல் அது 0.900 அளவுக்கு இறங்கிவிட்டது. பக்கை வலையின் குறுக்கே கடத்தி, கோல்கீப்பர் நகர்ந்து முடிப்பதற்குள் அடிக்கும் உத்தியில் முன்னணி வீரர்கள் தேர்ந்துவிட்டார்கள். எனவே ஒரு கோல்கீப்பரின் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் நேராக அருகருகே வைக்கக்கூடாது. ஒவ்வொன்றையும் அந்தந்த ஆண்டின் சராசரியிலிருந்து கழித்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 24 வயதில் அவர் சராசரியைவிட வெகுதூரம் மேலே இருந்தார், 36 வயதில் இன்னும் சற்று மேலேயே இருந்தார், 31 வயதில் முதல் ஃப்ளோரிடா பருவத்தில் தெளிவாகக் கீழே இருந்தார்.